கிளாப் அடிக்காத டேக்

மேஜை மேல் இருந்த போன் கிர்ரென்று நகர்ந்தது. திரையில் 'அப்பா' என்று வந்தது. இசக்கிப்ரியா எட்டிப் பார்த்தாள், போனைக் கவிழ்த்து வைத்தாள், விட்ட இடத்திலிருந்து சப்டைட்டில் அடிக்க ஆரம்பித்தாள்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் பக்கத்து நாற்காலியில் இருந்த ஷெர்லின் எடிட்டிங்கை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

அப்பா போனை எடுக்காதது ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். இசக்கியைத் தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். இன்டர்னல் டெஸ்ட் நடக்கும்போதே "மேடம், எங்கப்பா!" என்று கையைத் தூக்கிவிட்டு வெளியே ஓடின பெண் அவள். வராந்தாவில் நின்று "எப்பா, எங்க இருக்க? சாப்டியா? மாத்திர போட்டியா?" என்று அவள் கத்துவது மூன்றாவது மாடிவரை கேட்கும். காட்சித் தொடர்பியல் துறையில் அதற்கு அவள் ஊரை வைத்துப் பெயரே 'சுரண்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்'.

"ஏட்டி, அப்பாதான?" என்றாள் ஷெர்லின்.

"ஆமா."

"எடுக்கல?"

"என்னத்தப் பேச? சாப்டியாம்பாவ. சாப்ட்டேம்பேன். அப்புறம் பேசிக்கிடலாம்."

கோபம் இருந்தாலாவது பரவாயில்லை. அவள் குரலில் கோபம் இல்லை, சலிப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. கரண்ட் பில் கட்டச்சொல்லி வந்த அழைப்பைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னாள். ஷெர்லின் எதிரே இருந்த எடிட்டிங் திரையைப் பார்த்தாள். அதில் இதே இசக்கி, ஒரு பஸ் நிலையத்தில், முகமெல்லாம் விரிய, யாரையோ பார்த்து ஓடத் தயாராக நின்றாள்.

படம் எடுத்து ஒன்பது நாள்கூட ஆகவில்லை.

அவர்கள் காலத்து சினிமாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். படம், ஒலி என்று இரண்டோடு நின்றிருந்த சினிமாவில் மூன்றாவதாகத் தடம் வந்து சேர்ந்திருந்தது. உணர்வுத்தடம். நடிப்பவர் நெற்றியில் மெல்லிய கம்பிப் பட்டை ஒன்றைக் கட்டிக்கொள்வார்; அவருக்குள் எழுவது அப்படியே பதிவாகும். பார்ப்பவரும் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அது அவருக்குள்ளும் எழும். திரையில் அழுகிறவளைப் பார்த்து அழுவதெல்லாம் பழைய கதை. இப்போது அவளாகவே அழுவார்கள்.

ஒரே ஒரு வில்லங்கம். பாசாங்கு பண்ணினால் பட்டைக்குத் தெரிந்துவிடும். கிளிசரின் போட்டு எத்தனை குடம் அழுதாலும் தடம் தட்டையாகத்தான் விழும். அதனால் நடிப்பவர் தன் சொந்த வாழ்க்கையிலிருந்து உண்மையான ஒரு நினைவை எடுத்துத்தான் ஆகவேண்டும். பெரிய நடிகர்கள் தங்கள் நினைவுகளைத் தொடுவதில்லை. அதற்கென்று டூப் உண்டு. காட்சிக்கு ஏற்ற துக்கம் உள்ளவனாகப் பார்த்துப் பிடித்து வந்து பட்டையைக் கட்டிவிடுவார்கள். நம் நாட்டில் துக்கத்துக்கா பஞ்சம்! அந்த டூப்புகள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று எந்தப் பேட்டியிலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் ஹெப்சிபா மேடம் தியரி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார். காலையில் தியரி, மதியத்துக்கு மேல் பிராக்டிகல். கையில் சாக்பீஸோடு, வழக்கமான சிடுசிடுப்போடு சொன்னார்:

"ஒரு நினைவுக்கு மூணு டேக். நாலாவது கெடையவே கெடையாது. மண்டையில ஏத்திக்கிடுங்க."

"ஏன் மேடம்?" என்று கேட்டவன் கோமதிநாயகம். எதற்கும் காரணம் கேட்பான், எல்லாவற்றையும் எழுதிக்கொள்வான். அவன்தான் வகுப்பில் முதல்.

"நினைவுன்னா என்ன நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? பீரோவுக்குள்ள வச்ச பட்டுச்சேலை மாதிரி. ஒவ்வொரு தடவையும் வெளிய எடுத்துப் பாத்துட்டு, மறுபடி மடிச்சுத்தான் உள்ள வைக்கோம். மூளை அப்படி மடிக்கிற நேரத்துல இந்தப் பட்டை கொஞ்சம் சாயத்தை உறிஞ்சிக்கிடும். சேலை எங்கயும் போவாது. கரை, பூ, மடிப்பு, எல்லாம் அப்படியே இருக்கும். சாயம்தான் போவும். மூணு சலவை தாங்கும்னு சொல்லுதாங்க. அதுக்கு மேல வெள்ளைச் சேலை."

வகுப்பு சிரித்தது. நாயகம் எழுதிக்கொண்டான். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. முழு மதிப்பெண் வாங்கினான்.

பிராக்டிகலுக்கு நாலு நாலு பேராகக் குழு பிரித்தார்கள். ஐந்து நிமிடக் குறும்படம்; எல்லாவற்றையும் கல்லூரி அரங்கத்தில் திரையிட்டு ஒன்றுக்கு முதல் பரிசு. எல்லோரும் சேர்ந்துதான் எடுக்க வேண்டும், மதிப்பெண்ணும் குழுவுக்குத்தான். ஒருத்தர் கவிழ்த்தால் நாலு பேரும் கவிழ வேண்டியதுதான். ஷெர்லினுக்கு இயக்கமும் எடிட்டிங்கும் விழுந்தது, அபுதாகிருக்குக் கேமரா, நாயகத்துக்கு ஒலியும் தடமும். கதையும் நடிப்பும் இசக்கி.

அவள் எழுதிக்கொண்டு வந்த கதையைக் கதை என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு பெண் பஸ் நிலையத்தில் காத்திருக்கிறாள். பஸ் வருகிறது. ஆள் இறங்குகிறார். அவ்வளவுதான்.

"வந்து இறங்குததுல என்னட்டி இருக்கு?" என்று அபு கேட்டான்.

"எங்கப்பா மஸ்கட்டுக்குப் போவும்போது எனக்கு எட்டு வயசு. நாலு வருசம் லீவே குடுக்கலை. வந்தன்னிக்கு நானும் எங்கம்மாவும் சுரண்டை பஸ் ஸ்டாண்டுல காலையிலேர்ந்து நிக்கோம். ஒவ்வொரு பஸ்ஸாப் பாக்கேன். கடைசில ஒரு தென்காசி பஸ்ல இறங்குனாவ. கையில கயிறு கட்டுன பெரிய அட்டப்பெட்டி, அதுல கொட்டை எழுத்துல எங்கப்பா பேரு. என்னைப் பாத்துட்டு அடையாளம் தெரியாமத் தாண்டிப் போயிட்டாவ! 'எப்பா'ன்னு ஒரு சத்தம். திரும்புனாவ பாரு." அவள் நிறுத்திக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். "ஓடுன ஓட்டத்துல என் ஒத்தச் செருப்பு சாக்கடைல போயிட்டு. பன்னெண்டு வயசுப் பிள்ளைய இடுப்புல தூக்கிக்கிட்டே வீடு வரைக்கும் வந்தாவ. அதுலேர்ந்து எங்கப்பா எங்க போயிட்டு வந்தாலும் எனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிட்டு வரும். வீடு பூராம் செருப்புதான்."

மூன்று பேருக்கும் கண் கலங்கிவிட்டது. பட்டையே கட்டாமல்! இந்தப் படம்தான் முதல் பரிசு என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார்கள்.

ஊருக்கு வெளியே பயன்பாட்டில் இல்லாத பழைய பஸ் நிலையத்தில் ஷூட்டிங். அபுவின் மாமா ஒரு மினிபஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்தார். இறங்குகிற அப்பாவின் காலுக்கும் அட்டைப்பெட்டிக்கும் அவரே நடிகர். கேமரா முழுக்க இசக்கியின் முகத்தில்.

நாயகம் அவள் நெற்றியில் பட்டையைக் கட்டினான். "இசக்கி, ஒரு தடவ நெனச்சுப் பாரு. லெவல் செக் பண்ணிக்கிடுதேன்."

அவள் நினைத்தாள். கருவியின் கோடு உச்சிக்குப் போய் இடித்தது. "எம்மா தாயே, அடிச்சுத் தூக்குது!" என்று அவன் லெவலைக் குறைத்தான். குறைத்தது சரியா என்று பார்க்க இன்னொரு தடவை நினைக்கச் சொன்னான். அதற்குள் வெயில் நகர்ந்துவிட்டது, அபு லென்ஸ் மாற்றினான், மறுபடியும் லெவல். கேமரா ஓட ஆரம்பித்ததும் பஸ் குறி வைத்த இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. "கட் கட்! இன்னும் கிளாப் அடிக்கல, இது கணக்குல வராது." அடுத்து ஒரு ஆட்டுக்குட்டி உள்ளே வந்தது. அதுவும் கணக்கில் வராது. மூன்றாவது டேக்கில் முகம் பிரமாதமாக வந்தபோது ஷெர்லின்தான், ஆமாம், அவளேதான் சொன்னாள்: "கட் பண்ணாத அபு, அப்படியே ஓடட்டும். இசக்கி, சேஃப்டிக்கு இன்னொண்ணு. அதே டேக்தான்."

எந்த ஷூட்டிங்கிலும் இது உண்டு. 'ஓகே' என்று சொன்ன வாய் மூடுவதற்குள் 'சேஃப்டிக்கு ஒண்ணு' என்று சொல்லாத இயக்குநர் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

"உனக்குக் கஷ்டமா இல்லையே?" என்று இடையில் ஒருமுறை கேட்டாள்.

"எங்கப்பாவ நெனைக்க எனக்கு என்னட்டி கஷ்டம்?" என்று இசக்கி சிரித்தாள்.

கிளாப் மூன்றே மூன்று. விதியை மீறவில்லை என்ற திருப்தியோடு எல்லோரும் போண்டா தின்றுவிட்டு வீடு திரும்பினார்கள். வரும் வழியில் இசக்கி வண்டியிலேயே தூங்கிப்போனாள்.

எடிட்டிங்கில் ஷெர்லின் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பஸ் நின்றது. கால் இறங்கியது. அவளுடைய வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பித் தொண்டை வரைக்கும் ஓடி வந்தது. 'எப்பா' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். ஓடு, ஓடு என்று கால் பரபரத்தது. அவளுக்கும் அப்பா உண்டு, நல்ல மனுஷன், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிறவர். யாராவது வருவதற்காக இப்படி ஒரு சந்தோஷம் உலகத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. வேலைக்காக நாலு தடவை பார்த்தாள், ஆசைக்காக நாற்பது தடவை பார்த்தாள்.

அந்தத் தடத்தில் மிக உயரமாக எழுந்திருந்த இடத்தை வெட்டி எடுத்து மூன்றாவது டேக்கின் படத்தோடு ஒட்டியிருந்தாள். எடிட்டர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். அந்த இடம் எந்த டேக்கில் வந்தது என்று அப்போது பார்க்கவில்லை.

இசக்கி போனைக் கவிழ்த்து வைத்த அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அது டேக்கே இல்லை. நாயகத்தின் முதல் லெவல் செக். அவன் கருவியை நடுவில் அணைக்கவே இல்லை. பட்டை என்ன, கிளாப் சத்தத்துக்கா காத்திருக்கும்? கட்டின நேரத்திலிருந்து கழற்றின நேரம்வரை பதிந்திருந்தது. ஷெர்லின் மொத்தத் தடத்தையும் திரையில் விரித்தாள். முதலில் ஒரு மலை. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் சின்னது. லெவல் செக், பஸ் தாண்டிப் போனது, ஆட்டுக்குட்டி, டேக், லெவல் செக், டேக், மறுபடி டேக். மலை குன்றாகி, குன்று வரப்பாகி, கடைசியில் அவளே கேட்டு வாங்கின அந்த சேஃப்டியில் வெறும் தரை.

எண்ணிப் பார்க்கத் துணிவில்லாமல் திரையை அணைத்தாள்.

மறுநாள் கேன்டீனில் நாயகத்திடமும் அபுவிடமும் சொன்னாள்.

"ரூல்படி மூணுதான் ஷெர்லின்," என்றான் நாயகம். முகம் வெளுத்திருந்தது. "கிளாப்ப எண்ணிப் பாத்துக்கோ."

"கிளாப்ப எண்ணாதல. அவ மூஞ்சியப் பாரு."

"மூஞ்சிக்கு என்ன? நல்லாத்தான இருக்கா?"

"அதாம்ல பயமா இருக்கு."

அபு டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை. "மேடத்துட்ட சொன்னா படம் காலி. வெளியிலேர்ந்து எக்ஸாமினர் வாராரு. நாலு பேருக்கும் அரியர்." கொஞ்சம் பொறுத்து அவனே, "சொல்லித்தான் ஆகணும், என்ன?" என்றான்.

ஷெர்லின் முதலில் இசக்கியிடம் சொன்னாள். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கே. காலையிலேர்ந்து நின்னோம். தென்காசி பஸ். கயிறு கட்டுன அட்டப்பெட்டி. ஒத்தச் செருப்பு சாக்கடைல விழுந்திச்சு. இடுப்புல தூக்கிட்டு வந்தாவ," என்றாள். ஐந்து மதிப்பெண் கேள்விக்குக் குறிப்பு எழுதுகிறவள் மாதிரி விரல் விட்டுச் சொன்னாள். "ஒண்ணும் மறக்கல பாத்தியா? நீ ஏன் இப்படிப் பயந்து சாவுத?"

"அப்பாவ நெனச்சா ஒனக்கு எப்படி இருக்குட்டி?"

"நல்ல மனுசன்," என்றாள் இசக்கி. "பொறுப்பானவரு."

ஷெர்லின் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தொலைத்தவளுக்குத் தொலைத்தது தெரியவில்லை. தெரிந்தவளுக்கோ அது சொந்தமில்லை. இப்படியும் ஒரு கொடுமை உண்டா?

அன்று சாயங்காலம் அவளுக்கே ஒரு போன் வந்தது. "ஷெர்லினாம்மா? நான் இசக்கி அப்பா சுடலைமுத்து பேசுதேன்." அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு நெஞ்சு துள்ளியது. துள்ளாதே என்று சொன்னால் கேட்கிற நெஞ்சா? நாற்பது தடவை பழகிவிட்டதே!

"சொல்லுங்க அங்கிள்."

"பாப்பாவுக்கு என்னம்மா? ஏதும் மேலுக்கு முடியலையா? பேசினா 'சரிங்க, வச்சிருதேன்'ங்கா. நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனான்னு யோசிச்சுப் பாக்கேன், ஒண்ணும் வெளங்கல. மஸ்கட்லேர்ந்து பழைய கம்பெனிக்காரன் வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே கெடக்கான். எம்பிள்ளைய விட்டுட்டு இனிமே எங்கயும் வரமாட்டேன்னு சொல்லிட்டு இங்க ஃபிரிட்ஜ் ரிப்பேர் பாத்துக்கிட்டு இருக்கேன். அவ என்னன்னா..." அவர் முடிக்கவில்லை. "படம் போடுத அன்னிக்கு வரச் சொல்லியிருக்கா. வாரேன். நான் கேட்டத அவட்ட சொல்லாண்டாம், சும்மாதான் கேட்டேன்."

ஷெர்லின் அன்றே ஹெப்சிபா மேடத்தின் அறைக்குப் போனாள். மேடம் தடத்தைப் பார்த்தார். ஒவ்வொரு மேட்டையும் விரல் வைத்து எண்ணினார். திட்டுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தாள் ஷெர்லின்.

"கிளாப்பயா எண்ணுனீங்க?" என்றார் கடைசியில்.

"நீங்க மூணு டேக்னு சொன்னீங்க மேடம்."

"ஆமா. நான்தான் சொன்னேன். புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புஸ்தகம் எழுதுனவனும் ஷூட்டிங் போவல, நானும் போவல. லெவல் செக்குன்னு ஒண்ணு இருக்குன்னு ஒருத்தருக்கும் தோணல."

"அவளையே உக்கார வச்சு அந்தத் தடத்தப் போட்டுக் காட்டினா? அவளோடதுதான மேடம்? திரும்ப ஒட்டிக்காதா?"

"உன்னை நீயே கிச்சுகிச்சு மூட்டிப் பாரு. சிரிப்பு வருமா? அதே கதைதான். தன்னோட தடம் தனக்கு ஏறாது. ஊர்ல இருக்க அத்தனை பேருக்கும் ஏறும், அவளுக்கு மட்டும் ஏறாது."

"அப்ப அவ்வளவுதானா?"

"போன சாயம் போனதுதான். புதுசாச் சேந்தா உண்டு. எப்பச் சேரும், எப்படிச் சேரும், சேருமான்னே யாருக்கும் தெரியாது." மேடம் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "படத்தைப் போடாண்டாம். மதிப்பெண்ண நான் பாத்துக்கிடுதேன். ஆனா தடம் அவளோடது. அவட்ட கேக்காம நிப்பாட்ட முடியாது."

இசக்கியிடம் கேட்டார்கள். "போடணும்," என்றாள் அவள் நிதானமாக. "இவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்திருக்கோம். நான் நடிச்சது. எங்க அப்பா அம்மாட்டயும் சொல்லிட்டேன்."

திரையிடும் நாள் வரை ஷெர்லினுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய பயமெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அந்த மனுஷன் பட்டை கட்டிவிடக் கூடாது. கட்டினால் தெரிந்துவிடும், எவ்வளவு இருந்தது என்று. இல்லாமல் போனதற்கு அப்புறம் அது எதற்குத் தெரிய வேண்டும்?

சுடலைமுத்து அரங்க வாசலில் நின்றிருந்தார். சலவைச் சட்டை, வழித்த முகம், கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை. மனைவிக்கு அன்றைக்குக் காய்ச்சல், அதனால் தனியாக வந்திருந்தார். தூரத்தில் அவரைப் பார்த்ததுமே ஷெர்லினின் கால் ஓடத் தயாரானது; தூணைப் பிடித்துக்கொண்டாள். அவர் மகளைப் பார்த்து முகம் மலர்ந்து பையை நீட்டினார். புதுச் செருப்பு.

"எனக்குத்தான் இருக்கே," என்றாள் இசக்கி. அப்புறம் அது மரியாதையில்லை என்று தோன்றியதோ என்னவோ, "சரி, குடுங்க. தேங்க்ஸ்," என்று வாங்கிக்கொண்டாள்.

ஷெர்லின் அவரை ஓர் ஓர இருக்கைக்குக் கூட்டிப்போனாள். "அங்கிள், அந்தப் பட்டை கட்டாண்டாம். கண்ணாடி போட்டவங்களுக்கு ஒத்துக்காது, தலை வலிக்கும்."

"வலிச்சா வலிக்கட்டும்மா. எம்மவ நடிச்சிருக்கா, முழுசாப் பாக்காண்டாமா?" என்று அவர் தன் கையாலேயே எடுத்துக் கட்டிக்கொண்டார்.

விளக்கு அணைந்தது. பஸ் நிலையம். காத்திருக்கும் முகம். அரங்கத்தில் இருமல் சத்தம்கூட அடங்கிப்போனது. பஸ் நின்றது, கால் இறங்கியது. ஒரே சமயத்தில் இருநூறு பேர் மூச்சை இழுத்தது ஷெர்லினுக்குக் கேட்டது. எக்ஸாமினர் இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். நாயகம் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினான். அந்த ஒரு நிமிடம் அரங்கத்தில் இருந்த எல்லோரும் சுடலைமுத்துவின் மகளாக இருந்தார்கள், அவருடைய மகளைத் தவிர. இசக்கி முதல் வரிசையில் உட்கார்ந்து, சப்டைட்டில் சரியான நேரத்துக்கு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு எரிந்தது. கைதட்டல் நிற்கவில்லை. சுடலைமுத்து மட்டும் பட்டையைக் கழற்றாமல் அப்படியே இருந்தார். பிறகு எழுந்து, இருக்கைகளில் இடித்துக்கொண்டு, மகளை நோக்கிப் போனார். இரண்டு கையும் தானாக விரிந்திருந்தன.

"படம் நல்லா இருந்திச்சா?" என்று கேட்டாள் இசக்கி. "வேர்த்திருக்கே. தண்ணி குடிக்கீங்களா?"

விரிந்த கைகள் மெல்ல இறங்கின. "குடும்மா," என்றார்.

சைக்கிள் ஷெட் பக்கம் அவர் தனியாக நின்றபோது ஷெர்லின் போனாள். ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனாலும் போனாள்.

"அந்தப் படத்துல இறங்குனது நான்தானம்மா?"

"ஆமா அங்கிள்."

ஒன்று விடாமல் சொன்னாள். லெவல் செக், ஆட்டுக்குட்டி, தான் கேட்ட சேஃப்டி. அடித்தால்கூடப் பட்டுக்கொள்ளலாம் என்று தலைகுனிந்து நின்றாள்.

அவர் அவளைத் திட்டவில்லை. "எனக்குத் தெரியாதும்மா," என்றார். "அன்னிக்கு அவ வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசல. கழுத்தக் கட்டிக்கிட்டா, அவ்வளவுதான். சின்னப் புள்ள, பொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்க ஓடியாறான்னு நெனச்சேன். வழி பூராம் பொம்ம வாங்கியாந்தேன், மிட்டாய் வாங்கியாந்தேன்னு அதத்தான் சொல்லிக்கிட்டு வந்தேன்." குரல் உடைந்தது. "இவ்வளவு இருந்திச்சா? எனக்கா?"

ஷெர்லின் தலையாட்டினாள்.

"திரும்ப வராதாமா?"

"போனது வராதாம். புதுசாச் சேந்தாதான் உண்டுன்னாவ மேடம்."

அவர் பக்கத்தில் நின்ற சைக்கிளின் பெடலை ஒரு சுற்று சுற்றிவிட்டார். "அது எப்படிம்மா சேந்திச்சு அவளுக்கு? நான் கூட இருந்து ஊட்டி வளத்ததுலயா? நான் இல்லாததுல சேந்திச்சு. நாலு வருசம் ஒவ்வொரு நாளும் காத்துக் கெடந்து சேத்திருக்கா."

அவர் மறுபடி மஸ்கட்டை நினைக்கிறார் என்று ஷெர்லினுக்குப் புரிந்துவிட்டது. "அங்கிள், அது நிச்சயம் கெடையாது. அப்ப அவ சின்னப் புள்ள. இப்ப..."

"நிச்சயம்னு எதுல இருக்கு? நீ அவட்ட ஒண்ணும் சொல்லாத."

படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. கோப்பையை யார் வீட்டுக்கும் கொண்டுபோகவில்லை; துறை அலமாரியிலேயே கிடந்தது. ஹெப்சிபா மேடம் கரும்பலகையின் மேல் மூலையில், அழிக்கக் கூடாது என்று கட்டம் போட்டு, 'பட்டை நெற்றியில் பட்டாலே டேக்' என்று எழுதி வைத்தார். நாயகம் அதற்குப் பிறகு யார் நெற்றியிலும் பட்டை கட்டவில்லை. ஒலி மட்டும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

விசா வந்ததும் சுடலைமுத்து கிளம்பினார். சுரண்டை பஸ் நிலையத்துக்கு ஷெர்லினும் போயிருந்தாள். இசக்கியின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். இந்த வயதில் மறுபடியும் ஏன் இந்தக் கிறுக்கு என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கேட்டதற்கெல்லாம் "போயிட்டு வந்துருதேன்" என்பதுதான் பதில். இசக்கி பெட்டியை ஏற்றிவிட்டாள், தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாள், "மாத்திரைய வேளைக்குப் போடுங்க" என்றாள். எதிலும் குறை வைக்கவில்லை.

பஸ் நகர்ந்தது. ஜன்னலில் ஒரு கை ஆடியது. அதன் பின்னாலேயே ஓட வேண்டும் போல ஷெர்லினுக்குக் கால் தவித்தது. கண்ணீர் கொட்டியது, துடைக்கத் துடைக்க நிற்கவில்லை.

"நீ ஏம்ட்டி அழுவுத?" என்றாள் இசக்கி ஆச்சரியத்தோடு. "ஒங்கப்பாவா போறாவ?"

"இல்ல," என்றாள் ஷெர்லின்.

அம்மா தளர்ந்துபோய் முன்னால் நடக்க ஆரம்பித்தாள். ஷெர்லின் நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். இசக்கி நின்ற இடத்திலேயே நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த முகத்தை ஷெர்லினைவிட யாரும் அதிகம் பார்த்ததில்லை, அதில் ஒன்றுமே இல்லை.

"வீட்டுக்குப் போவாண்டாமா?"

"போவலாம்," என்றாள் இசக்கி. ஆனால் அசையவில்லை. கொஞ்சம் கழித்து, "எப்ப வருவாவளாம்?" என்று கேட்டாள்.

ஷெர்லின் திரும்பி வந்து அவள் பக்கத்தில் நின்றாள். "ரெண்டு வருசம் ஆவும்னாவ."

இசக்கி தலையாட்டினாள். தென்காசி பஸ் ஒன்று உள்ளே நுழைந்து நின்றது. இறங்குகிறவர்களை அவள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.